பழைய தொலைக்காட்சியில் படத்தின் வடிவம்: திருப்புளியை எடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் உவர்மலைப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த சில வீடுகளில் இன்னும் 21 அங்குலப் படக்குழாய்த் தொலைக்காட்சிகள் தினமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பற்றி என்னிடம் வரும் முறைப்பாடுகள் அநேகமாக இரண்டு வகைதான். ஒன்று, "படம் ஒரு பக்கம் சாய்ஞ்சு கிடக்குது." மற்றது, "ஆக்கள் எல்லாம் நெட்டையாத் தெரியுறாங்க." இரண்டையுமே பெரும்பாலும் பெட்டியைத் திறக்காமல் சரிசெய்துவிடலாம். ஆனால் நான் போய்ப் பார்க்கும்போது யாரோ ஏற்கெனவே பின்மூடியைக் கழற்றி எதையோ திருகியிருப்பார்கள். அதற்குப் பிறகு ஒரு பிழை இருந்த இடத்தில் மூன்று பிழைகள் இருக்கும். கோளாறு ஓரிடத்தில் இருக்க, திருத்தத்தை வேறோரிடத்தில் செய்வதுதான் படத்தின் வடிவத்தைக் கெடுக்கும் தவறுகளுக்கெல்லாம் தாய்.

நெட்டையாகத் தெரியும் ஆட்களை முதலில் எடுத்துக்கொள்வோம். பழைய பெட்டியின் திரை 4க்கு 3 என்ற விகிதத்தில் அமைந்தது. 51 சென்ரிமீற்றர் மூலைவிட்டமுள்ள திரையில் அகலம் ஏறத்தாழ 41 சென்ரிமீற்றரும் உயரம் ஏறத்தாழ 31 சென்ரிமீற்றரும் இருக்கும். இன்றைய ஒளிபரப்போ 16க்கு 9 விகிதத்தில் வருகிறது. டிஷ் பெட்டியிலோ டிவிடி கருவியிலோ தொலைக்காட்சி வகை 16க்கு 9 என்று தெரிவுசெய்யப்பட்டிருந்தால், அகலமான படம் முழுவதும் சின்னத் திரைக்குள் பக்கவாட்டில் நெருக்கித் திணிக்கப்படும். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. திரையில் ஒரு வட்டத்தைக் காட்டி, தையற்காரரின் அளவு நாடாவால் அதன் உயரத்தையும் அகலத்தையும் அளக்க வேண்டும். உயரம் 20 சென்ரிமீற்றராகவும் அகலம் 15 சென்ரிமீற்றராகவும், அதாவது சரியாக 4க்கு 3 என்ற கணக்கில் இருந்தால், தொலைக்காட்சியில் ஒரு குறையும் இல்லை. இணைத்த பெட்டியின் தெரிவைத்தான் மாற்ற வேண்டும். இதை அறியாமல் தொலைக்காட்சியின் உயரத்தைக் குறைத்து ஆட்களைச் சரிப்படுத்தியவர்கள், பிறகு பழைய 4க்கு 3 நிகழ்ச்சி ஒன்று வரும்போது எல்லாரும் கட்டையாகத் தெரிவதைக் கண்டு மறுபடியும் திருகத் தொடங்குவார்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. தெரிவு சரியாக இருக்கும்போது அகலமான படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் விழும். படம் திரையின் உயரத்தில் முக்காற் பங்கை மட்டுமே எடுக்கும். அந்தப் பட்டைகள் கண்ணுக்கு உறுத்துகின்றன என்பதற்காக உயரத்தை இழுத்துத் திரையை நிரப்புகிறவர்கள், கெடாத ஒன்றைத் தாங்களே கெடுக்கிறார்கள். அவை கணக்கின் விளைவு, கோளாறு அல்ல.

சாய்வுக்கு வருவோம். இங்கேதான் நம்முடைய ஊரின் இருப்பிடமே ஒரு காரணமாகிறது. படக்குழாயின் கழுத்திலிருந்து திரையை நோக்கிப் பாயும் இலத்திரன் கற்றையைப் புவியின் காந்தப் புலமும் சற்றே விலக்கும். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் அருகால் காந்த நடுக்கோடு, அதாவது புவிக்காந்தப் புலம் நிலத்துக்குச் சமாந்தரமாகக் கிடக்கும் கோடு, செல்கிறது. கேரளத்துத் தும்பாவில் உந்துகணை ஏவுதளம் அமைந்ததற்குக் காரணமும் அந்தக் கோட்டின் அண்மைதான். திருகோணமலையும் அதிலிருந்து தூரத்தில் இல்லை. எனவே இங்கே புவிக்காந்தப் புலம் நிலத்துக்கு ஏறக்குறையச் சமாந்தரமாக, தெற்கிலிருந்து வடக்காகப் படுத்துக் கிடக்கிறது. பெட்டியின் முகம் வடக்கையோ தெற்கையோ பார்த்தால் அந்தப் புலம் குழாயின் அச்சோடு ஒத்துப் போய், முழுப் படத்தையும் ஒரு பக்கமாகச் சிறிது சுழற்றும். முகம் கிழக்கையோ மேற்கையோ பார்த்தால் சுழற்சி இராது. படம் மேலோ கீழோ கொஞ்சம் நகரும்.

எங்கள் வீட்டில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தபோது, வடக்குப் பார்த்திருந்த பெட்டியைத் தெற்குப் பார்க்க வைத்தோம். அன்றிரவு செய்தியின் அடியில் ஓடும் எழுத்து வரி வலப்பக்கம் ஏறத்தாழ நாலு மில்லிமீற்றர் தாழ்ந்து கிடந்தது. பெட்டியை அசைத்ததில் உள்ளே ஏதோ தளர்ந்துவிட்டது என்று நினைத்து நான் பின்மூடியைத் திறந்து, யோக் என்று கடைகளில் சொல்லும், கற்றையைத் திரையெங்கும் அசைக்கும் விலக்கற் சுருளின் பிடிதிருகைத் தளர்த்தி, சுருளைத் திருப்பிப் படத்தை நேராக்கினேன். வேலை முடிந்து பெட்டி பழைய சுவருக்குத் திரும்பியதும் அதே நாலு மில்லிமீற்றர் மறுபக்கமாகச் சாய்ந்தது. சாய்வைக் கண்டால் பெட்டியை மேசையோடு கால் வட்டம் திருப்பிப் பார்ப்பதே முதல் வேலை என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். திருப்பும்போது சாய்வும் மாறினால் அது திசையின் காரியம். அப்படியானால் பெட்டி நிரந்தரமாக இருக்கப் போகும் இடத்தைத் தீர்மானித்த பிறகே சாய்வைத் திருத்த வேண்டும். சில பெட்டிகளின் மெனுவிலேயே சாய்வுக்கென ஒரு தெரிவு இருக்கும். அது இருக்கும்போது சுருளைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

காந்தத்தின் கதை இத்தோடு முடிவதில்லை. இரும்பு அலுமாரி, யன்னலின் இரும்புக் கம்பிகள், பக்கத்தில் வைத்த ஒலிபெருக்கி ஆகியவையும் படத்தின் ஒரு மூலையை இழுக்கும். கூடவே அந்த மூலையில் ஊதாவோ பச்சையோ படியும். வளைவோடு நிறக்கறையும் சேர்ந்து தெரிந்தால், முதலில் ஒலிபெருக்கியை அகற்றிவிட்டுக் காந்த நீக்கத்தை நடத்த வேண்டும். அந்த நீக்கும் சுருள் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் றிமோட்டால் அணைத்துப் போட்டால் பல பெட்டிகளில் அது வேலை செய்யாது. பெட்டியின் பிரதான ஆளியை, அதாவது சுவிச்சை, அணைத்து, சுருளோடு தொடராக உள்ள தடையி ஆறும்வரை அரை மணித்தியாலம் பொறுத்து, மறுபடியும் போட வேண்டும். பொறுமையில்லாமல் அணைத்து அணைத்துப் போடுவதால் ஒரு பயனும் இல்லை, ஏனெனில் சூடான தடையி சுருளுக்கு மின்னோட்டத்தை விடாது.

இனி அளவெடுப்பதில் நடக்கும் பிழைகள். போட்டவுடனே அளக்கக் கூடாது. படம் தன் அளவுக்கு வந்து நிலைக்க இருபது முப்பது நிமிடம் எடுக்கும். வெளிச்சத்தையும் கொன்ராஸ்ற்றையும் உச்சத்தில் வைத்துக்கொண்டும் அளக்கக் கூடாது. மிக வெளிச்சமான காட்சியில் படக்குழாயின் உயர் அழுத்தம் சற்று இறங்கும், இறங்கினால் படம் ஊதிப் பெரிதாகும். அந்த ஊதிய அளவுக்கு அகலத்தைக் குறைத்துவிட்டால் இருண்ட காட்சி வரும்போது ஓரங்களில் கறுப்பு இடைவெளி தெரியும். கட்டங்களும் வட்டமும் கொண்ட ஒரு சோதனைப் படத்தைப் பென்டிரைவிலோ டிவிடியிலோ ஏற்றி, வெளிச்சத்தை நடுத்தரத்தில் வைத்துப் பார்ப்பதே முறை. திரையின் கண்ணாடி தடிப்பானது என்பதால், அளவு நாடாவைச் சாய்வாகப் பார்த்தால் இரண்டு மூன்று மில்லிமீற்றர் பிழைக்கும். ஒவ்வொரு புள்ளியையும் நேர் எதிரே நின்று பார்க்க வேண்டும். நிலைக்குத்துக் கோட்டைச் சரிபார்க்கச் சிலர் நூலில் குண்டு கட்டித் தொங்கவிடுகிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் திரையின் நிலைமின் நூலைத் தன்பக்கம் இழுத்து ஒட்டிக்கொள்ளும். நூல் கண்ணாடியைத் தொடாமல் நாலு விரற்கடை தள்ளித் தொங்க வேண்டும்.

சோதனைப் படம் கிடைக்காதவர்களுக்கு நேத்ரா, சக்தி போன்ற தொலைக்காட்சி அலைவரிசைகளில் செய்தியின் அடியில் ஓடும் எழுத்தே போதிய சான்று தரும். ஓர் எழுத்தைக் கண்ணால் பிடித்து, அது வலமிருந்து இடம் போய் மறையும்வரை தொடர்ந்து பாருங்கள். நடுவில் ஒடுங்கி ஓரத்தில் அகன்றாலோ, ஓரத்தில் ஒடுங்கி நடுவில் அகன்றாலோ கிடைத் திசையில் படம் சீராகப் பரவவில்லை. நிகழ்ச்சியின் முடிவில் கீழிருந்து மேலேறும் பெயர்வரிசை இதே சோதனையை நிலைக்குத்துத் திசையில் செய்து தரும்.

டிவிடியில் சோதனைப் படம் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலங்கையின் பழைய ஒளிபரப்பு பால் (PAL) முறையில், செக்கனுக்கு 50 புலங்களும் (வரி விட்டு வரி வரையப்படும் அரைப் படங்களும்) 625 வரிகளுமாக அமைந்தது. அமெரிக்க முறையில் பதிந்த வட்டோ 60 புலங்களும் 525 வரிகளும் கொண்டது. பல பெட்டிகள் இந்த இரண்டுக்குமான உயர அளவைத் தனித்தனியே நினைவில் வைத்திருக்கின்றன. 60இல் நின்று மணிக்கணக்காகத் திருத்திவிட்டு, ரூபவாகினியைப் போட்டுப் பார்த்தால் எதுவுமே மாறவில்லை என்று மனம் சோர்ந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

ஓரங்கள் வெட்டுப்படுகின்றன என்பதற்காகப் படத்தைச் சுருக்குவதும் வீண் வேலை. படம் சட்டத்துக்கு அப்பால் கொஞ்சம் வழிந்து போகும்படிதான் இந்தப் பெட்டிகள் அமைக்கப்பட்டன. அதனால்தான் ஒளிபரப்பாளர்கள் முக்கியமான எழுத்துகளை நடுவிலுள்ள 80 வீதப் பரப்புக்குள்ளும், முக்கியமான அசைவுகளை 90 வீதத்துக்குள்ளும் வைக்கும் வழக்கத்தைக் கொண்டிருந்தார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு கோளாறு பெட்டியிலேயே இருக்கிறது என்று உறுதியானால், அடுத்த கேள்வி அது இடம்பெயர்ந்த அளவா, பழுதடைந்த பாகமா என்பது. மெல்ல மெல்ல வந்த சிறு விலகல் திருத்தத்துக்குப் பணியும். திடீரென வந்த பெரிய விலகல் அநேகமாகப் பாகத்தின் சாவு. படத்தின் மேற்பகுதி மடிந்து வெள்ளைக் கோடுகள் தெரிந்தால், நிலைக்குத்து விலக்கற் பகுதியில் ஒரு மின்பகு கொள்ளளவி (கப்பாசிற்றர்) வற்றியிருக்கக்கூடும். இடமும் வலமும் இருந்த நேர்க்கோடுகள் ஒரே நாளில் உள்நோக்கி வளைந்தால், பக்க வளைவைத் திருத்தும் சுற்று நின்றுவிட்டது. கடலோர ஈரக்காற்றில் ஈயப் பற்றுகள் கறுத்து வெடிப்பதும் உண்டு. இவற்றை மெனுவின் எண்களால் மறைக்கப் பார்ப்பது, சாகும் பாகத்துக்கு மேலே பாரத்தை ஏற்றுவதாகும். கொள்ளளவியை மாற்றினால் எண்கள் பழைய இடத்திலேயே சரியாக நிற்கும்.

நாலு பக்கமும் ஒரே அளவாகச் சுருங்கிய படத்தைப் பெருப்பிக்க, மின்வழங்கற் பகுதியிலுள்ள சிறு திருகைக் கூட்டுகிறவர்கள் உண்டு. இதை நான் கடுமையாக மறுக்கிறேன். அந்தத் திருகு கிடை விலக்கலுக்குப் போகும் பிரதான அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. அதைக் கூட்டினால் குழாயின் உயர் அழுத்தமும் கூடும், அந்த அழுத்தத்தை உண்டாக்கும் ஃபிளைபேக் மின்மாற்றி எரியும், எக்ஸ் கதிர்க் கசிவுக்கும் இடமுண்டாகும். சுற்றுப்படத்தில் எழுதிய அளவுக்கு ஒரு வோல்ற்றும் கூடாது. ஃபிளைபேக்கிலேயே உள்ள இரண்டு குமிழ்களும் படத்தின் அளவுக்கானவை அல்ல. ஒன்று கூர்மைக்கு, மற்றது திரை அழுத்தத்துக்கு. இரண்டாவதைத் திருகினால் திரை முழுவதும் வெளிறிச் சாய்கோடுகள் எழும்பும்.

சேர்விஸ் மெனு (திருத்துபவர்களுக்கான மறைவான மெனு) உள்ள பெட்டிகளில் திருப்புளிக்கு வேலையில்லை, ஆனால் அபாயம் வேறு விதமானது. உள்ளே போனதும் ஒவ்வொரு பக்கத்தையும் தொலைபேசியில் படம் எடுங்கள். எண்கள் சிறிய நினைவுச் சில்லில் உடனுக்குடன் எழுதப்படுவதால், பழையதை மீட்க வேறு வழி இராது. உயரம், நிலை, அகலம், பக்க வளைவு, சரிவகம், இணைகரம் என்று விளங்கும் பெயர்களைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது. பெட்டியின் பாகங்களைப் பற்றிய தெரிவு எண்களை மாற்றினால், சத்தமோ படமோ மறுமுறை வராமலே போகலாம். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்ற வேண்டும். முதலில் படத்தை நடுவுக்குக் கொண்டுவந்து, பிறகு உயரத்தையும் சீரையும், அதன் பிறகு அகலத்தையும் பக்க வளைவையும், கடைசியில் சரிவகத்தையும் பார்க்கலாம். நடு பிசகியிருக்கும்போது வளைவைத் திருத்தினால் இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருக்கும்.

மூடியைத் திறந்தே ஆக வேண்டியவர்களுக்கு: நிறப் படக்குழாயில் ஏறத்தாழ 25,000 வோல்ற்று இருக்கும். செருகியைக் கழற்றிய பிறகும் அந்த ஏற்றம் கண்ணாடியில் தங்கியிருக்கும். மின்வழங்கற் பகுதியின் பெரிய கொள்ளளவியிலும் 300 வோல்ற்றுக்கு மேல் நிற்கும். இதில் பழக்கமில்லாதவர் திறக்கவே கூடாது. பழகிய ஒருவரைக் கூப்பிடுவதுதான் சரி. பழகியவரும் பிளாஸ்ரிக் திருப்புளியோடு, ஒற்றைக் கையால், முன்னால் ஒரு முகக் கண்ணாடியை நிறுத்திப் படத்தை அதில் பார்த்தபடி வேலை செய்ய வேண்டும். பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும்போதுதான் மற்றக் கை தானாகச் சட்டகத்தைப் பிடிக்கும். குழாயின் கழுத்து மெல்லிய கண்ணாடி. அதிலுள்ள காந்த வளையங்களையும் சுருளின் ஓரத்திலுள்ள இறப்பர் ஆப்புகளையும் அசைத்தால் மூன்று நிறங்களும் ஒன்றையொன்று விட்டு விலகும், அதைச் சேர்ப்பது ஒருநாள் வேலை.

எங்கே நிறுத்துவது என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள். நடுவிலுள்ள வட்டம் வட்டமாகவும், அடியில் ஓடும் வரி நேராகவும் இருந்தால் மூலையிலுள்ள இரண்டு மில்லிமீற்றர் வளைவை விட்டுவிடுவதே என் வழக்கம். தட்டையான முகம் கொண்ட குழாய்களில் அந்த மூலை எப்போதும் கொஞ்சம் முரண்டுபிடிக்கும். அன்றைக்கே மூடியைப் பூட்டாமல், அதன் இடத்தில் சும்மா பொருத்தி வைத்து, யாரும் கை வைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் மாலை ஆறிய பெட்டியைப் போட்டு, அரை மணித்தியாலத்துக்குப் பிறகு அதே வட்டத்தை அதே நாடாவால் அளந்து, நேற்றைய அளவு மாறாமல் இருந்தால் திருகுகளை இறுக்கலாம்.