ஜிபிஎஸ் இல்லாத பழைய பட்டன் போனை வழிகாட்டியாக்குவது எப்படி?

போனுக்குள் ஜிபிஎஸ் சிப் இல்லாவிட்டாலும் வழி காட்ட வைக்கலாம். செயற்கைக்கோள் சிக்னலைப் பிடிக்க ஒரு ப்ளூடூத் ஜிபிஎஸ் ரிசீவர், அது அனுப்பும் தரவைப் புரிந்துகொள்ள ஒரு ஜாவா செயலி, போனிலேயே ஏற்றிவைத்த வரைபடம் ஆகிய மூன்றும் வேண்டும். மொபைல் சேவையோ டேட்டாவோ தேவையில்லை. 2ஜி சேவை நிறுத்தப்பட்ட இடங்களில் சும்மா கிடக்கும் போனும் இதற்கு உதவும்.

மூன்றையும் ஒரே மூச்சில் இணைத்துப் பார்த்தால் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொன்றையும் தனியாகச் சோதித்து, சரியென்று தெரிந்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

முதலில் போனைப் பாருங்கள்

போனில் ப்ளூடூத் இருந்தால் மட்டும் போதாது. பாட்டும் படமும் அனுப்புகிற போன்களில்கூட, ஜாவா செயலி ப்ளூடூத்தைத் தொட அனுமதி இல்லாதவை உண்டு. போனின் தொழில்நுட்ப விவரப் பட்டியலில் ஜேஎஸ்ஆர்-82 (ஜாவா செயலி ப்ளூடூத்தைப் பயன்படுத்த வழிசெய்யும் வசதி) இருக்கிறதா என்று தேடுங்கள். அது இல்லையென்றால் ரிசீவர் வாங்கிப் பயனில்லை. மெமரி கார்டில் உள்ள கோப்புகளைப் படிக்க ஜேஎஸ்ஆர்-75 வேண்டும். சிஎல்டிசி (போனில் ஜாவா ஓடுவதற்கான அடித்தளம்) பதிப்பு 1.1 ஆக இருக்கட்டும், 1.0 தசம எண்களைக் கையாளாது, வரைபடச் செயலிகள் பலவும் அதில் ஓடா. ஜேஎஸ்ஆர்-179 இல்லையே என்று சிலர் போனை ஒதுக்கிவிடுகிறார்கள். அது போன் தன் இருப்பிடத்தைத் தானே செயலிக்குச் சொல்வதற்கான வசதி. வெளி ரிசீவரோடு நேரடியாகப் பேசும் செயலிக்கு அது வேண்டியதில்லை.

ரிசீவர்

ப்ளூடூத் சீரியல் போர்ட் (எஸ்பிபி) வழியாக என்எம்இஏ 0183 (ஜிபிஎஸ் கருவிகளின் பொதுவான தரவு வடிவம்) வடிவில் தரவு அனுப்பும் எந்த ரிசீவரும் ஒத்துவரும். சிர்ஃப்ஸ்டார் 3, எம்டிகே சிப் கொண்டவை பழைய போன்களோடு நன்றாகப் பொருந்துகின்றன. பழைய ரிசீவர்களில் முதலில் சாவது பேட்டரிதான். அதனால் பேட்டரியைக் கழற்றி மாற்றக்கூடிய மாடலாகப் பார்த்து எடுங்கள்.

பழைய ரிசீவர் தேதியைத் தவறாகக் காட்டினால் பயப்பட வேண்டாம். தேதியைக் கணக்கிட ஜிபிஎஸ் அனுப்பும் வார எண் 1,024 வாரங்களுக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும்; கடைசியாகத் திரும்பியது 2019 ஏப்ரலில். அதற்கு ஏற்றபடி எழுதப்படாத மென்பொருள் தேதியைச் சுமார் 19.6 ஆண்டு பின்னால் காட்டும். இருப்பிடம் பெரும்பாலும் சரியாகவே வரும். பதிவுசெய்யும் தடங்களின் தேதி மட்டும் பிசகும்.

ரிசீவரை நன்றாகச் சார்ஜ் செய்து, திறந்த வானத்தின் கீழ் அசையாமல் வையுங்கள். போன் இப்போது வேண்டாம். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் சுற்றுப்பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் வேகத்தில், 30 நொடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. அதில் 18 நொடி தடையில்லாமல் காதில் விழுந்தால்தான் அந்தச் செயற்கைக்கோள் கணக்கில் சேரும். உயர்ந்த கட்டடங்களுக்கு இடையே ஓடும் காரில் இது அறுந்துகொண்டே இருக்கும். புறப்படும் முன்பே ரிசீவர் தன் நிலையை (இருப்பிடத்தை) பிடித்துக்கொள்ளச் சொல்வது அதனால்தான். எல்லாச் செயற்கைக்கோள்களின் தோராயச் சுற்றுப்பாதைப் பட்டியல் முழுதாக வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். பல மாதம் அணைந்து கிடந்த ரிசீவருக்குக் கால் மணி நேரமாவது கொடுங்கள்.

இணைப்பு

போனின் ப்ளூடூத் பட்டியலில் ரிசீவரைத் தேடிச் சேருங்கள். கடவு எண் பெரும்பாலும் 0000, சிலவற்றில் 1234. சேர்த்த பிறகும் ‘இணைக்கப்படவில்லை’ என்று காட்டினால் அது கோளாறு அல்ல. செயலி திறந்து கேட்கும்போதுதான் இணைப்பு உருவாகும். ரிசீவர் ஒரு நேரத்தில் ஒரு சாதனத்தோடுதான் பேசும். முன்பு சோதித்துப் பார்த்த கணினியோ வேறு போனோ அந்த இணைப்பைப் பிடித்துவைத்திருந்தால் உங்கள் போனுக்கு ஒன்றும் கிடைக்காது. செயற்கைக்கோளைக் குறைசொல்லும் முன் இதைப் பாருங்கள்.

வரைபடமும் செயலியும்

பட்டன் போனுக்கு ஜிபிஎஸ்மிட் என்ற ஜாவா செயலி நல்ல தேர்வு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தின் தரவை வைத்து ஆஃப்லைனிலேயே வழி கணக்கிட்டுச் சொல்லும். கணினியில் ஓஎஸ்எம்2ஜிபிஎஸ்மிட் என்ற ஜாவா நிரலை ஓட்டி, வேண்டிய பகுதியைக் கட்டம்போட்டுத் தேர்ந்தால், வரைபடத்தோடு சேர்ந்த ஜார் கோப்பு (போனில் நிறுவும் ஜாவா செயலிக் கோப்பு) கிடைக்கும். கட்டத்தைச் சிறியதாக வையுங்கள். பல போன்கள் ஜார் கோப்பின் அளவுக்கு வரம்பு வைத்திருக்கின்றன. அதைத் தாண்டினால் நிறுவவே விடாது. முதலில் ஒரு ஊரளவுக்குச் செய்து ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு விரியுங்கள். நடைப்பயணத்துக்குப் படவடிவ வரைபடமே போதுமென்றால் ட்ரெக்படி என்ற செயலி இருக்கிறது.

நிறுவியதும் போனின் செயலி அனுமதிகளுக்குப் போய், ப்ளூடூத், கோப்பு வாசிப்பு இரண்டையும் ‘முதல் முறை மட்டும் கேள்’ என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் திரை நகரும்போதெல்லாம் அனுமதி கேட்டு உயிரை வாங்கும். வண்டி ஓட்டும்போது அது ஆபத்தும்கூட.

தரவு வருகிறது, நிலை வரவில்லை என்றால்

மூலத் தரவைக் காட்டும் செயலி ஒன்று இருந்தால் ஜிபிஆர்எம்சி என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். நேரத்துக்கு அடுத்து ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் நிலை கிடைத்துவிட்டது, ‘வி’ என்றால் இன்னும் இல்லை. அந்த வரியில் 4530.000 என்றிருந்தால் அது 45 பாகை 30 கலை (60 கலை ஒரு பாகை), அதாவது 45.5 பாகை. அதை 45.30 என்று படித்துவிட்டு ரிசீவர் பல கிலோமீட்டர் தள்ளிக் காட்டுகிறது என்று முடிவுகட்டாதீர்கள்.

‘ஏ’ வந்தும் நடக்கும்போது புள்ளி உறைந்து நின்றால், சிர்ஃப் சிப்பில் உள்ள ‘ஸ்டாட்டிக் நேவிகேஷன்’ அமைப்புதான் காரணம். நிற்கும் வண்டியின் புள்ளி அலையாமலிருக்க, மெதுவான அசைவை அது புறக்கணிக்கிறது. கணினியில் ரிசீவரை இணைத்து, அமைப்பு நிரல் வழியாக அதை அணைத்துவிடுங்கள்.

காருக்குள் மட்டும் சிக்னல் செத்தால் முன்கண்ணாடியைச் சந்தேகிக்கலாம். வெப்பம் தடுக்க உலோகப் பூச்சு போட்ட கண்ணாடி ஜிபிஎஸ் அலையையும் தடுக்கும். ரிசீவர் தனியாக இருப்பதால் பக்க ஜன்னலோரமோ பின் கண்ணாடி அருகிலோ அதை வைத்துவிட்டு, போனை முன்னால் வைத்துக்கொள்ளலாம். ப்ளூடூத்துக்கு அந்தத் தூரம் பொருட்டே இல்லை. திரை விளக்கு அணையாமல் இருக்கச் செயலியில் அமைத்துவிட்டால் போன் பேட்டரி வேகமாகக் கரையும். நீண்ட பயணத்துக்குப் போன், ரிசீவர் இரண்டுக்கும் கார் சார்ஜர் எடுத்துக்கொள்ளுங்கள்.