புடவை மலிவு, பிளவுஸ்தான் செலவு

ஜூன் மாதம் வந்தால் எங்கள் தையல் கடைக்குப் புதுசாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் வருவார்கள். பெரும்பாலும் பள்ளி ஆசிரியைகள்; தினமும் புடவை கட்டியாக வேண்டும். சாயம் போகுமா, கிழிசல் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துத்தான் வாங்கியிருப்பார்கள். பணம் போவது வேறு இடத்தில்.

ஒவ்வொரு புடவைக்கும் ஒரு பிளவுஸ்

"450 ரூபாதான் அக்கா, அஞ்சு எடுத்துட்டேன்" என்று பையைக் கொட்டுவார்கள். புடவைக்கு 2,250 ஆச்சு, சரி. பிளவுஸுக்கு உள்ளே வைக்கும் லைனிங் துணி, தையல் கூலி, புடவையின் அடி ஓரத்தில் உள்பக்கம் தைக்கும் ஃபால்ஸ் பட்டை, ஓரம் அடிப்பது எல்லாம் சேர்ந்தால் எங்கள் பகுதியில் ஒரு புடவைக்கு 500 ரூபாய் தாண்டிவிடும். ஐந்துக்கும் கணக்குப் போட்டால் புடவையைவிடத் தையல் அதிகம். அதைச் சொன்னதும் முகம் மாறும். "ரெண்டு மட்டும் தைங்க, மீதியை அடுத்த மாசம் பாத்துக்கலாம்." அந்த மீதி தீபாவளி வரை என் அலமாரியில் கிடக்கும். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். கட்டவே முடியாத புடவை எப்படி மலிவாகும்?

முதலில் பிளவுஸைத் தையுங்கள். கறுப்பு, அரக்கு, சந்தன நிறம், மூன்று போதும், பருத்தியில். அப்புறம் கடைக்குப் போய், கரையிலோ பூவிலோ இந்த நிறங்களில் ஒன்று இருக்கிற புடவையாக எடுங்கள். புடவையோடு வரும் பிளவுஸ் துணியை வெட்டி மடித்து வையுங்கள், அவசரமே இல்லை. மாற்றி மாற்றிப் போடுவதால் பிளவுஸ் அக்குளில் சீக்கிரம் நைந்துபோகும் என்பது உண்மைதான். அப்படி நைந்தால் அந்த ஒன்றை மட்டும் புதுசாகத் தைத்தால் போதும்.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற புடவையின் பிளவுஸுக்கு ஆரி வேலை, அதாவது ஆடம்பரமான கைப் பூவேலை, கேட்பவர்களும் உண்டு. நான் தைத்துக் கொடுத்துவிடுவேன், எனக்கென்ன!

நனைக்காத துணி

லைனிங்கும் ஃபால்ஸும் பருத்தி என்றால் சுருங்கும். மேல் துணி பாலியஸ்டர் மாதிரி என்றால் அது சுருங்காது. முதல் துவைப்பிலேயே பிளவுஸ் உள்ளே இழுத்துக்கொள்ளும், புடவையின் அடி ஓரம் சுருக்கு விழும். கடையில் நனைப்பார்கள் என்று நம்பாமல், ராத்திரி நீரில் ஊறவைத்து, காயவைத்துக் கொடுங்கள்.

பிடித்துத் தைப்பது

பிளவுஸின் பக்கத் தையலில் உள்ளே ஓர் அங்குலம் துணி விடச் சொல்லுங்கள். உடம்பு போட்டால் பிரித்துவிடலாம்.

திருப்பூர் ஏற்றுமதி மிச்சம்

ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய ரெடிமேட் உடைகள், நல்ல துணிதான். ஆனால் வெளிநாட்டு அளவில் தைத்தது, சீட்டில் எஸ், எம் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். டேப் கொண்டுபோங்கள்.

ஆடித் தள்ளுபடி

என்ன வேண்டும் என்று எழுதிக்கொண்டு போங்கள்.