டிஃப்ளேட்கேட் வாதத்தில் இறங்குமுன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் டாம் பிரேடியின் ரசிகரும் அவரைக் கண்டாலே ஆகாதவரும் பேச ஆரம்பித்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் 2015 ஜனவரி 18-ல்தான் போய் நிற்கும். அன்று ஃபாக்ஸ்பரோவில் பிரேடி ஆடிய நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி இண்டியனாபொலிஸ் கோல்ட்ஸை 45–7 என்று தோற்கடித்தது. பேட்ரியட்ஸ் பந்துகளில் காற்று குறைவாக இருந்ததாகப் புகார் கிளம்பியது; அந்த விவகாரத்தின் பெயர்தான் டிஃப்ளேட்கேட். ஆட்டங்களை நடத்தும் என்.எஃப்.எல். லீக் விசாரித்தது, மே மாதம் வழக்கறிஞர் டெட் வெல்ஸின் 243 பக்க அறிக்கை வந்தது. பிரேடிக்கு 4 ஆட்டத் தடை, அணிக்கு 10 லட்சம் டாலர் அபராதம், அதற்கு மேல் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2016-இன் முதல் சுற்று வாய்ப்பும் 2017-இன் நான்காம் சுற்று வாய்ப்பும் பறிபோயின.

இந்த விசாரணை நியாயமா என்று வாதாடுபவர்களில் பெரும்பாலோர் எண்களைப் பார்த்ததே இல்லை. இத்தனைக்கும் அறிக்கையிலேயே அளவுகள் இருக்கின்றன, பள்ளிக்கூட இயற்பியல் போதும்.

முதலில் கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள். யாராவது காற்றைத் திறந்துவிட்டார்களா என்பது ஒன்று. லீக் ஒழுங்காக விசாரித்ததா என்பது வேறு. தண்டிக்கும் அதிகாரம் லீக்கின் தலைவரான கமிஷனருக்கு இருந்ததா என்பது மூன்றாவது. ஒன்றுக்குச் சொல்ல வேண்டிய பதிலை இன்னொன்றுக்குச் சொல்வதால்தான் வாதம் விடிய விடிய நீள்கிறது. "பிரேடி போனை அழித்தார்" என்பது முதல் கேள்விக்கான சாட்சி. விசாரணையின் தரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

அளவுகள்

விதிப்படி பந்தின் அழுத்தம் 12.5 முதல் 13.5 பி.எஸ்.ஐ. வரை இருக்கலாம். நம்மூர் பெட்ரோல் பங்கில் டயருக்குக் காற்றடிக்கும்போது சொல்லும் அதே பி.எஸ்.ஐ.தான். ஒவ்வொரு அணியும் தன் தாக்குதலுக்கான பந்துகளைத் தானே கொண்டுவரும். ஆட்டத்துக்கு முன் நடுவர் அளந்தபோது பேட்ரியட்ஸ் பந்துகள் 12.5-ஐ ஒட்டியும், கோல்ட்ஸ் பந்துகள் 13-ஐ ஒட்டியும் இருந்தன. இதை அவர் எழுதி வைக்கவில்லை. இந்த விசாரணையின் ஆதாரக் குறையே இதுதான்: தொடக்க அளவு ஒரு மனிதரின் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது.

இடைவேளையில் இரண்டு உதவி நடுவர்கள், நடுவரிடம் இருந்த இரண்டு அழுத்தமானிகளை (கேஜ்) ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு, பேட்ரியட்ஸின் 11 பந்துகளை அளந்தார்கள். முதல் எண் தயாரிப்பாளர் லோகோ இல்லாத கேஜ், இரண்டாவது லோகோ உள்ள கேஜ் என்று வைத்துக்கொண்டு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்:

11.50 – 11.80
10.85 – 11.20
11.15 – 11.50
10.70 – 11.00
11.10 – 11.45
11.60 – 11.95
11.85 – 12.30
11.10 – 11.55
10.95 – 11.35
10.50 – 10.90
10.90 – 11.35

சராசரி 11.11, 11.49. நேரம் போதாமல் கோல்ட்ஸ் பந்துகளில் நான்கை மட்டும் அளந்தார்கள்: 12.70 – 12.35, 12.75 – 12.30, 12.50 – 12.95, 12.55 – 12.15. பேட்ரியட்ஸ் பந்துகளில் இரண்டாவது எண் எப்போதும் பெரிதாக இருந்தது. இங்கே மூன்றாவது பந்தைத் தவிர மற்றதிலெல்லாம் முதல் எண் பெரிது. நடுவில் இருவரும் கேஜை மாற்றிக்கொண்டார்கள் என்றும், மூன்றாவது பந்தை எழுதும்போது எண்கள் இடம் மாறின என்றும் எடுத்துக்கொள்வதுதான் பொருத்தம். ஒரு மனிதரின் நான்கு ஆட்டங்களைத் தீர்மானித்த தாள் இது.

காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பழைய செய்திகளைச் சரிபாருங்கள். ஆட்டம் முடிந்த சில நாளில் ஈ.எஸ்.பி.என். விளையாட்டுச் சேனல் சொன்னது: 12 பந்துகளில் 11 பந்துகள் 2 பி.எஸ்.ஐ. குறைவு. மேலே உள்ளதில் 12.5-லிருந்து 2 குறைந்த அளவு ஒன்றே ஒன்று, பத்தாவது பந்தின் 10.50. அணிக்கு லீக் அனுப்பிய முதல் கடிதத்தில் ஒரு பந்து 10.1 என்று இருந்தது. அப்படி ஓர் எண்ணே பட்டியலில் இல்லை. கோல்ட்ஸ் பந்துகள் எல்லாம் விதிக்குள் இருந்தன என்றும் சொல்லப்பட்டது. நான்கில் மூன்று, ஒரு கேஜில் 12.5-க்குக் கீழே.

கணக்கு

மூடிய பந்துக்குள் காற்று குளிர்ந்தால் அழுத்தம் அதே விகிதத்தில் குறையும். இரண்டு இடத்தில்தான் தப்பு நேரும். ஒன்று, கேஜ் காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதை மட்டும். அதனால் முதலில் வளிமண்டல அழுத்தமான 14.7-ஐக் கூட்ட வேண்டும். கூட்டாமல் போட்டால் இறக்கம் அரை பி.எஸ்.ஐ.தான் வரும், உடனே "பார்த்தாயா, மோசடி" என்று குதிப்பார்கள். இரண்டு, வெப்பநிலையைக் கெல்வினில் போட வேண்டும். செல்சியஸோடு 273 கூட்டினால் போதும்.

பந்துகளை அளந்த அறை 19.4 முதல் 21.7 டிகிரி வரை, இடைவேளையின்போது மைதானம் சுமார் 8.9 டிகிரி.

12.5 + 14.7 = 27.2
27.2 × 282 ÷ 294.8 = 26.02
26.02 – 14.7 = 11.32

அறை 19.4 என்று வைத்தால் 11.52 வரும். ஆக, யாரும் தொடாமலே 12.5 பந்து 11.32-க்கும் 11.52-க்கும் இடையே இறங்கியிருக்க வேண்டும். லீக் அமர்த்திய எக்ஸ்போனென்ட் நிறுவனம் சொன்ன வரம்பும் இதுவே. 13-ல் தொடங்கிய கோல்ட்ஸ் பந்துக்கு 11.80 முதல் 12.00. மனக்கணக்குக்கு: ஒரு டிகிரி செல்சியஸுக்கு சுமார் 0.09 பி.எஸ்.ஐ.

இப்போது சராசரியைப் பக்கத்தில் வையுங்கள். லோகோ கேஜின் 11.49 வரம்புக்குள் உட்காருகிறது. லோகோ இல்லாத கேஜின் 11.11 வரம்புக்கு 0.2 முதல் 0.4 கீழே. இரண்டு கேஜுக்கும் இடையே உள்ள வித்தியாசமும் ஏறக்குறைய அவ்வளவுதான். குற்றம் மொத்தமும் இரண்டு கேஜுக்கு நடுவில் உள்ள இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறது.

அப்படியானால் ஆட்டத்துக்கு முன் நடுவர் எந்தக் கேஜைப் பயன்படுத்தினார்? லோகோ உள்ளதைத்தான் என்பது அவருடைய ஞாபகம். அறிக்கை அவர் சொன்ன மற்றவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்டு, இதில் மட்டும் அவர் மற்றதைப் பயன்படுத்தியிருப்பதே அதிக சாத்தியம் என்றது. பேட்ரியட்ஸ் ரசிகர்களுக்கு இது போதும். ஆனால் எதிர்வாதத்தையும் தெரிந்துகொள்ளுங்கள், வலுவானது: இரு அணிகளின் ஆட்களும் தங்கள் கேஜில் 12.5, 13 என்று வைத்து அனுப்பியதையே நடுவரின் கேஜும் காட்டியது. லோகோ கேஜ் 0.3 முதல் 0.4 வரை கூட்டிக் காட்டும். அப்படியானால் அது இரு அணிகளின் கேஜ்களோடும் ஒத்துப்போக வாய்ப்பு குறைவு. இதற்குப் பதில் சொல்லாமல் "நடுவரே சொல்லிவிட்டார்" என்று நிறுத்துபவர் பாதி வாதத்தோடு வந்திருக்கிறார்.

கோல்ட்ஸ் பந்துகளை வைத்து ஒப்பிடும்போது

அந்தப் பந்துகள் ஏன் அவ்வளவு இறங்கவில்லை என்பதுதான் அடுத்து வரும் கேள்வி. குளிர்ந்த நிலைக்கான வரம்பு 11.80–12.00, ஆனால் குறைவாகக் காட்டும் கேஜே சராசரியாக 12.3 காட்டுகிறது. அவை அறைக்குள் கூடுதல் நேரம் கிடந்து சூடேறியவை. பேட்ரியட்ஸ் பந்துகளை முதலில் அளந்தார்கள், இவற்றைப் பிறகு. பேட்ரியட்ஸ் பந்துகளுக்கு மறுபடி காற்றடித்தது எப்போது, கோல்ட்ஸ் பந்துகளை அளந்தது எப்போது என்ற வரிசையிலேயே தெளிவில்லை. எந்த நிமிடத்தில் எந்தப் பந்து என்று யாரும் குறிக்கவில்லை. அமெரிக்கன் என்டர்பிரைஸ் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2015 ஜூனில் வெல்ஸ் அறிக்கையை மறுத்தபோது பிடித்ததும் இந்த நுனியைத்தான். நேரத்தைச் சேர்க்காமல் இரண்டு சராசரியை மட்டும் ஒப்பிடுபவரோடு மேற்கொண்டு பேச வேண்டாம்.

ஈரமும் உண்டு. அன்று மழை. நனைந்த தோல் பந்து உலர்ந்ததைவிட மெதுவாகச் சூடேறும், அழுத்தமும் கொஞ்சம் கூடுதலாகக் குறையும்.

வீட்டில் செய்து பார்க்க

அமெரிக்கன் ஃபுட்பால் பந்து கிடைக்காவிட்டால் சாதாரண 5-ஆம் எண் கால்பந்து போதும். காற்றுக்குப் பந்தின் வடிவம் தெரியாது. 0.05 வரை காட்டும் டிஜிட்டல் கேஜ் இரண்டு, ஊசி, பம்பு, தெர்மாமீட்டர், ஃபிரிட்ஜ், ஈரத்துணி ஒன்று.

பந்தை அறையில் இரண்டு மணி நேரம் வைத்து, பிறகு 12.5-க்குக் கொண்டுவாருங்கள். காற்றடித்த கையோடு அளக்காதீர்கள். பம்பு அடித்த காற்று சூடாக இருக்கும், பத்து நிமிடம் விடுங்கள். பந்தை உள்ளங்கையால் தேய்க்கவும் கூடாது. பேட்ரியட்ஸ் ஆட்கள் பந்துகளைத் தேய்த்துப் பதப்படுத்தியதால் அழுத்தம் தற்காலிகமாக ஏறியது என்ற விளக்கம் வந்தது உண்மை. ஆனால் அந்த ஏற்றம் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும், நடுவர் அளப்பதற்குள் போயிருக்கும்.

ஊசியில் ஒரு சொட்டு கிளிசரின் தடவிச் செருகுங்கள். உலர்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிட்டால் அதற்குப் பிறகு வரும் எண்கள் எல்லாம் குப்பை. ஒவ்வொரு முறை குத்தும்போதும் சிறிது காற்று போகும், அதனால் ஒரே பந்தைத் தொடர்ந்து ஐந்து தடவை அறையிலேயே அளந்து ஒரு குத்துக்கு எவ்வளவு இழப்பு என்று முதலில் தெரிந்துகொண்டு, அதைக் கழியுங்கள். இரண்டு கேஜையும் ஒரே பந்தில் குத்திப் பாருங்கள். ஒரே கடையில் வாங்கியவையே ஒத்துப்போகாமல் இருக்கக்கூடும்; அந்த வித்தியாசத்தை எழுதி வைக்கவும்.

மறுபடி 12.5-க்குக் கொண்டுவந்து, ஃபிரிட்ஜில் மூன்று மணி நேரம். அறை 30, ஃபிரிட்ஜ் 4 டிகிரி என்றால் கணக்குப்படி 10.2-ஐ ஒட்டி வர வேண்டும். ஃபிரிட்ஜுக்குள் பந்து இருக்கும்போதே அளக்க முடிந்தால் நல்லது, வெளியே எடுத்ததும் எண் ஏறத் தொடங்கிவிடும். அந்த ஏற்றத்தைத்தான் பார்க்க வேண்டும்: வெளியே வைத்து இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, 14 நிமிடம் வரை அளந்து எழுதுங்கள். அடுத்த நாள் அதே பந்தை ஈரத்துணியால் நனைத்து மறுபடி. இரண்டு வரிசையையும் பக்கத்தில் வைத்தால், இடைவேளையில் எந்தப் பந்தை முதலில் எடுத்தார்கள் என்பது ஏன் முக்கியம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

காற்றுக்கு வெளியே

எண்கள் நிரபராதி என்றும் சொல்லிவிடாது. பேட்ரியட்ஸ் அமர்த்திய நடுவர் அறைப் பணியாளர் ஒருவர் அனுமதி இல்லாமல் பந்துப் பைகளைத் தூக்கிக்கொண்டு கழிப்பறைக்குள் போய், கதவைப் பூட்டிக்கொண்டு 1 நிமிடம் 40 விநாடி இருந்தார். அதே ஆள் 2014 மேயில் அனுப்பிய குறுஞ்செய்தியில் தன்னைக் 'காற்றிறக்குபவன்' என்று சொல்லிக்கொண்டார். உடல் எடை குறைப்பதைப் பற்றிய பேச்சு அது என்று அணித் தரப்பு விளக்கியது. அதை நம்பச் சொன்னால் பேட்ரியட்ஸ் ரசிகருக்கே சிரிப்பு வரும். இவற்றுக்கு உரிய எடையைக் கொடுங்கள். அதே சமயம், அறிக்கையின் முடிவு 'நடந்திருக்காததைவிட நடந்திருக்கவே சாத்தியம் அதிகம்' என்ற அளவுகோலில் நிற்பது. நடந்தது பிரேடிக்குப் 'பொதுவாகத் தெரிந்திருக்கலாம்' என்றே அறிக்கை சொன்னது. நிரூபித்துவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் இந்த வரியைக் காட்டுங்கள்.

நடைமுறை

விசாரணையின் சுதந்திரத்தைப் பற்றிப் பேச ஒரு பெயர் தெரிந்திருக்க வேண்டும்: ஜெஃப் பாஷ், லீக்கின் அப்போதைய தலைமைச் சட்ட அதிகாரி. 'சுதந்திரமான' என்று அழைக்கப்பட்ட அந்த அறிக்கை வெளியாகுமுன் அதைப் பார்த்துக் கருத்துச் சொன்னவர். மேல்முறையீட்டில் அவரைக் குறுக்கு விசாரணை செய்ய பிரேடி தரப்புக்கு அனுமதி இல்லை. மேல்முறையீட்டைக் கேட்டவர் கமிஷனர் ராஜர் குடெல். லீக்கின் தண்டனையை லீக்கின் தலைவரே சீர்தூக்கி, 2015 ஜூலை 28-ல் உறுதி செய்தார்.

விவகாரம் நீதிமன்றம் போனது. செப்டம்பர் 3-ல் நீதிபதி பெர்மன் தடையை ரத்து செய்தார். அவருடைய காரணங்கள் மூன்று: இப்படி ஒரு தண்டனை வரும் என்ற முன்னறிவிப்பு இல்லை, பாஷை விசாரிக்க விடவில்லை, விசாரணைக் கோப்புகளைச் சமமாகக் காட்டவில்லை. 2016 ஏப்ரல் 25-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2–1 என்று தடையைத் திருப்பிக் கொண்டுவந்தது. இங்கேதான் பலர் சறுக்குவார்கள். பிரேடி ஏமாற்றினார் என்று அந்த நீதிமன்றம் சொல்லவில்லை. வீரர் சங்கமே கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் 46-ஆம் பிரிவு கமிஷனருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது என்றது. சட்டப்படி செல்லும் என்பதும் நியாயம் என்பதும் ஒன்றல்ல, இரண்டையும் சேர்த்துக் குழப்பும் ஆளை முதலில் அந்தப் பிரிவைப் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

தண்டனையின் அளவைப் பேசினால் ஒப்பீடு வேண்டும். லீக்கின் அன்றைய கையேட்டில் பந்தைக் கெடுத்ததற்குப் பெயர் சொல்லிக் குறித்திருந்த அபராதம் 25,000 டாலர். 2014 நவம்பரில் மினசோட்டாவில் ஓரக்கோட்டில் பந்துகளைச் சூடுபடுத்தியதற்கு எச்சரிக்கை மட்டுமே. எதிர்த்தரப்பு, பேட்ரியட்ஸ் எதிரணியின் சைகைகளைப் படம்பிடித்து மாட்டிக்கொண்ட 2007-இன் ஒளிப்பதிவு விவகாரத்தைக் காட்டும்: அதே அணி, அதே பயிற்சியாளர், பழைய குற்றவாளிக்குக் கூடுதல் தண்டனை சரிதானே? அணியைப் பொறுத்தவரை சரி. பிரேடிக்கு அது பொருந்தாது.

2015 பருவத்தில் லீக் நடைமுறையை மாற்றியது. ஆட்டத்துக்கு முன் அளவை எழுதிவைக்க வேண்டும், சில ஆட்டங்களில் இடைவேளையிலும் அளக்க வேண்டும். குளிரில், மழையில், வெயிலில் பந்துகள் எவ்வளவு இறங்கின என்பதை நேரடியாகச் சொல்லக்கூடிய எண்கள் அப்போது லீக்கின் கையில் சேர்ந்தன. அவற்றை லீக் வெளியிடவில்லை.