ஆமத்துக்குச் சமன்பாடு எழுதும் முன்

ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உயிர்வேதியியல் பாடம் எடுக்கப் போன முதல் வருஷம். ஆமம் என்றால், செரிமானம் குறைந்து அரைகுறையாய்த் தேங்கும் பொருள் என்று ஆயுர்வேதம் சொல்கிறது. ஒரு விடைத்தாளில் 'ஆமம் = ஃப்ரீ ராடிக்கல்' என்றிருந்தது. அடுத்ததில் 'ஆமம் = யூரிக் அமிலம்'. மூன்றாவதில் கொலஸ்ட்ரால். பேனாவை மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு நான் சொல்லித்தரும் முறை இதுதான். நோட்டில் நாலு கட்டம் போடுங்கள். எது செரிக்க வேண்டும், எந்த நொதி செரிக்கிறது, அது தவறினால் எது தேங்குகிறது, தேங்கியதை எப்படி அளப்பது.

முதலில் கையால் செய்து பாருங்கள். ஆறிய கஞ்சித்தெளிவை மூன்று குழாய்களில் ஊற்றுங்கள். இரண்டில் உங்கள் உமிழ்நீர், மூன்றாவதில் கொதிக்கவைத்து ஆற்றிய உமிழ்நீர். இரண்டாவது குழாயை மட்டும் ஐஸில் புதைத்துவிட்டு, மற்ற இரண்டையும் 37 டிகிரி நீரில் நிறுத்துங்கள். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எடுத்து, வெள்ளை டைல்ஸில் வைத்த அயோடின் சொட்டில் விடுங்கள். கஞ்சியின் மாவுச்சத்து செரிக்காமல் இருந்தால் அயோடின் நீலமாகும். குழாய்க்குள்ளேயே அயோடினை ஊற்றிவிடாதீர்கள். சூடு கூடினால் நீலம் தானாகவே வெளிறும், ஏமாந்து போவீர்கள்.

முதல் குழாயில் உமிழ்நீரின் நொதி மாவுச்சத்தைச் செரித்துவிட, சொட்டில் நீலம் போய் அயோடினின் பழுப்பே மிஞ்சும். ஐஸில் இருப்பது வெகுநேரம் நீலமாகவே இருக்கும். நம் வீட்டுப் பெரியவர்கள் 'மந்தம்' என்பார்களே, அது. கொதித்தது மாறவே மாறாது. "மேடம், தீயைக் கொதிக்கவச்சா அணைஞ்சுடுதே!" என்றாள் ஒரு மாணவி. ஆயுர்வேதம் செரிமானத் தீ என்று சொல்லும் அக்னி வெறும் சூடு அல்ல, உருக்குலைந்தால் வேலை செய்யாத ஒரு புரதமும் அதில் இருக்கிறது என்று அன்று வகுப்புக்கே புரிந்தது.

அடுத்து பால். பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸைப் பிளக்கும் நொதி லாக்டேஸ். எனக்கு அது குறைவு. ஒரு டம்ளர் குடித்தால் கொஞ்ச நேரத்தில் வயிறு கடமுட. பிளவுபடாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போக, பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து ஹைட்ரஜனை விடுகிறது. அது ரத்தத்தில் ஏறி மூச்சில் வரும். மூச்சுப் பரிசோதனையில் அளக்கலாம். நாலு கட்டமும் நிரம்பிவிட்டது. மோர் மட்டும் எனக்கு ஒத்துக்கொள்கிறது, ஏனென்றால் தயிர்ப் பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பங்கை முன்பே தின்றுவிடுகிறது. கிரஹணி என்ற செரிமான நோய்க்குப் பழைய ஆயுர்வேத ஆசிரியர் சரகர் மோரைச் சொல்லும் இடத்தை இப்போது திருப்பிப் படியுங்கள்.

ஆயுர்வேதத்தில் அக்னிகள் பல: வயிற்றில் செரிக்கும் ஜடராக்னி 1, ஐம்பூதங்களுக்கான பூதாக்னி 5, உடல் திசுக்களான தாதுக்களுக்கான தாத்வாக்னி 7, ஆக 13. தாத்வாக்னி குறைவதற்கு ஒப்பாக ஃபினைல்கீட்டோனூரியா என்ற பிறவி நோயைச் சொல்லலாம்: நொதி இல்லாததால் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் தேங்கி மூளையைக் கெடுக்கிறது. 1934-இல் நார்வேயில் ஃபோலிங், குழந்தைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு விட்டபோது பச்சை நிறம் கண்டு பிடித்தது இது. ஆனால் 'ஒப்பாக' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். இன்னொரு பழைய ஆயுர்வேத ஆசிரியரான வாக்படர் ஆமத்தை வைக்கும் இடம் ஆமாசயம், அதாவது இரைப்பை; மூளை அல்ல.

யூரிக் அமிலம்? அது தேங்கினால் வரும் மூட்டுநோய் கவுட், அதற்கு ஆயுர்வேதத்தில் இணை சொல்வதானால் வாதரக்தம். ஆமத்தால் வருவதாகச் சொல்லும் மூட்டுநோயான ஆமவாதத்தில் அதைக் கொண்டுபோய் ஒட்டாதீர்கள். ஆமத்தின் அடையாளமாகச் சொல்லும், நாக்கில் படியும் மாவுக்கு முதல் கட்டத்தோடு நின்றுவிடுவீர்கள். மற்றக் கட்டங்களில் வெறும் கோடு போட்டு விட்டுவிடுங்கள். காலியாக விட்டவருக்கு நான் மார்க் குறைத்ததில்லை.