மான் தீவனத் தொட்டியும் காட்டுப்பன்றித் தொல்லையும்: என் அனுபவம்

டெக்சாஸின் ஹில் கண்ட்ரி பகுதியில் நான் பராமரிக்கும் நிலத்துக்கு வரும் வெண்வால் மான்களுக்குக் கோடையில் துணைத் தீவனம் வைக்கிறேன். ஆண்மான்களுக்குக் கொம்பு வளர்வதும், பெண்மான்கள் குட்டிகளுக்குப் பாலூட்டுவதும், மேய்ச்சல் காய்ந்துபோவதும் ஒரே காலத்தில் நேர்வதால், புரதம் ஏறத்தாழ 8 சதவீதமே உள்ள மக்காச்சோளம் அப்போது போதாது. 16 முதல் 20 சதவீதம் புரதமுள்ள பெல்லட் (அழுத்திச் செய்த சிறு உருளைகள்) தீவனமே வேண்டும்.

டைமர் வைத்துத் தரையில் வீசும் கருவி சோளத்துக்குப் பொருந்தும். விலை கூடிய பெல்லட்டை அப்படி இறைத்தால் காட்டுப்பன்றிகளுக்கே விருந்தாகும். ஆகவே, தீவனம் தானாகக் கீழிறங்கும் குழாய்த் தொட்டியைத் தேர்ந்து, குழாய் வாய்களை மான் தலைநீட்டும் உயரத்தில் நிறுத்தினேன். அப்போதும் பன்றிகள் தொட்டியின் கால்களை முட்டிச் சாய்க்க முயன்றதால், 34 அங்குல உயரமுள்ள பற்றவைத்த கம்பிவலைப் பலகைகளைச் சுற்றிலும் அகலமாக நட்டேன். வளர்ந்த மான்கள் அதை எளிதில் தாண்டிவிடுகின்றன, பன்றிகளால் முடிவதில்லை. சிறு குட்டிகளும் தாண்ட முடியாது என்பது இதிலுள்ள உண்மையான குறை.

சாரல் புகுந்தால் பெல்லட் நனைந்து ஊதி, கட்டிதட்டிக் குழாயை அடைத்துவிடும். ஒவ்வொரு வாய்க்கும் தகரக் கூரை பொருத்தியபின் அடைப்பு நின்றது. ஆனாலும் மழைக்குப்பின் கைவிட்டுப் பார்த்து, பூஞ்சை வாடையடிக்கும் தீவனம் முழுவதையும் அப்புறப்படுத்துகிறேன். ஒரே வாயில் பல மான்கள் எச்சில்பட உண்பது நோய் பரவ வழிசெய்யும் என்பதால், மான்களின் உயிர்க்கொல்லி நோயான சிடபிள்யூடி அருகில் கண்டறியப்பட்டால் தொட்டியையே மூடிவிடுவேன்.