நின்றால் நடுங்கிய ஜிப்ஸி

என்னிடம் உள்ள 1998ஆம் ஆண்டின் மாருதி ஜிப்ஸி (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் உள்ள ஜீப்), ஓடும்போது எந்தக் குறையும் காட்டாமல், சிக்னலில் நின்றவுடன் கியர் ராடே நடுங்கும் அளவுக்குக் குலுங்கத் தொடங்கியது. முதலில் பார்த்த மெக்கானிக் பிளக்குகளையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் மாற்றினார். அடுத்தவர் ஐடிலை, அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் சுழலும் வேகத்தை, அதற்கான ஸ்குருவைத் திருகிக் கூட்டிவிட்டார். காய்ச்சலுக்குப் போர்வை போர்த்திய கதைதான்.

துப்புக் கொடுத்தது, காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலின் பங்கைக் கூட்டும் சோக். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் சோக்கைச் சற்றே இழுத்தால் நடுக்கம் அடங்கியது. கழற்றிப் பார்த்த பிளக்குகளின் முனைகளும் வெளிறியிருந்தன. அப்படியானால் ஒன்று, கலவையில் பெட்ரோல் குறைவு. அல்லது கார்புரேட்டரைத் தாண்டி எங்கோ கணக்கில் வராத காற்று நுழைகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் குலுக்கம் மறைந்ததால் இரண்டாவதையே நம்பினேன். ஐடிலில் உள்ளே போகும் காற்று மிகவும் குறைவு என்பதால், சிறு கசிவும் அங்கே பெரும் பங்காகிவிடும்.

எஞ்சினின் உறிஞ்சலை மற்ற பாகங்களுக்குக் கொண்டுசெல்லும் ரப்பர்க் குழாய்களான வேக்குவம் ஹோஸ்களை ஒவ்வொன்றாகத் துணி சுற்றி, பிளையரால் நெரித்துப் பார்த்தேன். அந்த உறிஞ்சலைக் கொண்டு பிரேக் மிதிப்பதை எளிதாக்கும் பிரேக் பூஸ்டருக்குச் செல்லும் தடித்த ஹோஸை நெரித்த கணமே எஞ்சின் சீரானது. மேலிருந்து பார்த்தால் புதிதுபோல் தெரிந்த அந்த ரப்பர், வளைவின் அடிப்பக்கத்தில் நகம் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. சில வாரங்களாகவே பிரேக் பெடல் கடினமாக இருந்ததை வண்டியின் வயது என்று நானே ஒதுக்கியிருந்தேன்.

வேக்குவத்துக்கென்றே செய்த ஹோஸை வாங்கி மாட்டினேன். சாதாரணத் தண்ணீர்க் குழாய் உறிஞ்சலில் சப்பையாகிவிடும். பின்னர் எஞ்சினைச் சூடாக்கி, கூட்டிவைத்திருந்த ஸ்குருவைத் தளர்த்தி, ஐடிலை ஏறத்தாழ 850 ஆர்பிஎம்மில் நிறுத்தினேன்.