பழைய மலைவீட்டுச் சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் பாழடைந்து கிடக்கும் பழைய பங்களாவைக் குடியிருக்கச் சீரமைக்கிறீர்களா? ஈரச் சுவரைக் கண்டதும் சிமெண்ட் பூசிவிடாதீர்கள். அந்தக் காலச் சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையில் கட்டியவை. உறிஞ்சிய ஈரத்தைத் தாமே வெளியே விடும். சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் அதை உள்ளேயே அடைத்துவிடும். பூச்சு உப்பி உதிரும், பூஞ்சை பிடிக்கும், சுவருக்குள் செருகிய உத்திர முனை உளுத்துப்போகும். குழந்தைகள் படுக்கும் அறையில் இது வேண்டவே வேண்டாம்.

முதலில் கூரை ஒழுக்கு, மழைநீர்க் குழாய், சுவரோரம் குவிந்த மண் மூன்றையும் சரிசெய்யுங்கள். அப்புறம் உறைபனிக் காலம் முடிந்து, பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ சுண்ணாம்புப் பூச்சு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்க்கத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் விடாதீர்கள். வயரிங், கீசர் குழாய் வேலையெல்லாம் பூசுவதற்கு முன்பே முடியட்டும்.